ராத்திரி மூன்று மணிக்கு விழிக்கும் அப்பா: தூக்க மாத்திரை கொடுக்கலாமா?

வாசகர் கேள்வி:

என் அப்பாவுக்கு வயது 68. சென்ற ஆண்டு குளியலறையில் வழுக்கி விழுந்து, நெற்றி மோதி, கழுத்துத் தண்டுவடம் அடிபட்டது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மறுவாழ்வுப் பிரிவில் இருந்து வீடு திரும்பிவிட்டார். வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நடக்கிறார். கைகள்தான் இன்னும் சரியாக வரவில்லை. சிறுநீரை நாளுக்கு நான்கு முறை அம்மாவோ பணிப்பெண்ணோ குழாய் விட்டு எடுக்கிறார்கள். கடைசியாக இரவு ஒன்பது மணிக்கு, அப்புறம் காலை ஆறரைக்கு. பேக்லோஃபென், கபாபென்டின் மூன்று வேளை. வலி கூடினால் டிரமடால். ராத்திரி மூன்று மணிவாக்கில் விழித்துக்கொண்டு தலைவலி என்கிறார், முகமெல்லாம் வியர்க்கிறது, பதற்றமாக இருக்கிறார். புளோக்குக்குக் கீழே உள்ள கிளினிக்கில் டயாசிபாம் 5 மில்லிகிராம் கொடுத்தார்கள். மூன்று வாரமாகப் போடுகிறார். அது போதாது என்று சென்னையிலிருந்து வந்த மாமா அல்பிரசோலம் அட்டை ஒன்று கொடுத்திருக்கிறார், இன்னும் பிரிக்கவில்லை. அம்மா வேறு, தூக்கம் வரும் என்று இருமல் மருந்து கொடுக்கிறார். இப்போது காலை பத்து மணிக்கும் மந்தமாகவே இருக்கிறார். போன வாரம் நடக்கும்போது முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டார். அடுத்த மாதம் எம்ஆர்ஐ. அந்த இயந்திரத்துக்குள் போகவே பயப்படுகிறார். மயக்கம் கொடுத்து எடுக்கலாமா? தூக்க மாத்திரையை உடனே நிறுத்திவிடலாமா?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில் (மருத்துவமனை மறுவாழ்வுப் பிரிவில் பணிபுரியும் மருந்தாளர்):

நீங்கள் கேட்டது தூக்க மாத்திரை பற்றி. ஆனால் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த மூன்று மணி. தலைவலி, முகத்தில் வியர்வை, பதற்றம் மூன்றும் சேர்ந்து, தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரு தண்டுவட நோயாளிக்கு வருகிறது என்றால் முதலில் பார்க்கவேண்டியது அவருடைய மூத்திரப் பையை.

விளக்கிச் சொல்கிறேன். மார்புப் பகுதியின் 6-ம் தண்டுவடக் கண்ணிக்கு மேலே அடிபட்டவர்களுக்கு, உடம்பின் கீழ்ப்பாதியில் ஏதாவது உறுத்தினால் (பை நிரம்பி வழிவது, மலச்சிக்கல், கால்விரல் நகம் உள்ளே வளர்வதுகூட) ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். மூளை அதைத் தணிக்க அனுப்பும் கட்டளை தண்டுவடம் வழியாகக் கீழே இறங்க முடியாது. அதனால் அடிபட்ட இடத்துக்கு மேலே முகம் சிவந்து வியர்க்கும், தலை பிளக்கும், மனம் பதறும். கீழே தோல் வெளிறிச் சில்லென்று இருக்கும். இதன் பெயர் ஆட்டோனமிக் டிஸ்ரெஃப்ளெக்ஸியா. முழுவதும் செயலிழந்தவர்களிடம்தான் இது அதிகம், ஆனால் உங்கள் அப்பாவைப்போல் பாதி செயல் திரும்பியவர்களுக்கும் வரும். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரலாம், பக்கவாதம்கூட வரலாம்.

இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறரை வரை ஒன்பதரை மணி நேரம். ஒரு தடவைக்கு 500 மில்லிலிட்டருக்கு மேல் சேரவிடக் கூடாது என்பது குழாய் விட்டு எடுப்பவர்களுக்கு நாங்கள் சொல்லும் கணக்கு. காலையில் எவ்வளவு வருகிறது என்று அளந்து பார்க்கிறீர்களா? படுக்கும் முன் மைலோவோ பாலோ குடிக்கிறாரா? இதற்கு மேல் அந்த இருமல் மருந்து. தூக்கம் வரவைக்கும் இருமல் மருந்துகளில் பெரும்பாலும் குளோர்ஃபெனிரமினோ டைஃபென்ஹைட்ரமினோ இருக்கும். இரண்டும் தூக்கம் தரும், அதோடு மூத்திரப் பையின் தசையைத் தளர்த்திச் சிறுநீரைத் தேக்கவும் செய்யும். பை நிரம்பி எழுந்தவருக்குப் பதற்றம் என்று எண்ணி டயாசிபாம் கொடுத்தால் பதற்றம் அடங்கலாம், பை அடங்காது. அவர் அரைத்தூக்கத்தில் கிடப்பார். தலைவலி என்று சொல்லக்கூட எழமாட்டார். எனக்கு உண்மையில் பயம் தருவது இதுதான்.

ஆகவே இன்று ராத்திரி மூன்று மணிக்கு விழித்தால் மாத்திரை டப்பாவைத் தேடாதீர்கள். கட்டிலில் நிமிர்த்தி உட்காரவைத்துக் காலைத் தொங்கவிடுங்கள். இறுக்கமான உடுப்பு, இடுப்புப் பட்டை, காலுறை எல்லாவற்றையும் தளர்த்துங்கள். வீட்டு இயந்திரத்தில் ரத்த அழுத்தம் பாருங்கள், உடனே குழாய் விட்டுச் சிறுநீரை எடுங்கள். இங்கே ஒரு சூட்சுமம்: கழுத்தில் அடிபட்டவர்களின் வழக்கமான மேல் அழுத்தம் 90 முதல் 110 வரைதான் இருக்கும். அவருக்கு 140 என்றால், மற்றவர்களுக்குச் சாதாரணமாகத் தோன்றினாலும், அது அபாயம். வழக்கத்தைவிட 20 முதல் 40 வரை கூடினாலே இதைச் சந்தேகிக்கவேண்டும். பை காலியான பிறகும் இறங்காவிட்டால் 995-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள். வரும் ஆம்புலன்ஸ் ஊழியரிடமும் அவசரப் பிரிவு மருத்துவரிடமும் அந்த ஆங்கிலப் பெயரையே சொல்லுங்கள். தண்டுவட நோயாளிகளைத் தினமும் பார்க்காத மருத்துவருக்கு அந்தப் பெயர் சொன்னால்தான் உடனே பொறி தட்டும்.

இது வெறும் என் ஊகமாகவும் இருக்கலாம். இரண்டு மூன்று இரவு அழுத்தத்தையும் சிறுநீர் அளவையும் எழுதிவைத்தால் தெரிந்துவிடும்.

இனி மாத்திரைகளுக்கு வருவோம். அப்பா தூக்க மாத்திரை ஒன்றுதான் சாப்பிடுகிறார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நான் எண்ணிப் பார்த்தால் ஐந்து. பேக்லோஃபென் தசை விறைப்புக்கு, ஆனால் மூளையையும் மந்தமாக்கும். கபாபென்டின் நரம்பு வலிக்கு, அதுவும் அப்படியே. டிரமடால் ஓப்பியாய்டு (அபின் சார்ந்த வலி மருந்து) வகை. அப்புறம் டயாசிபாம், அப்புறம் இருமல் மருந்து. மாமாவின் அட்டையைப் பிரித்தால் ஆறாகிவிடும். ஒவ்வொன்றையும் எழுதிக் கொடுத்தவர் தனித்தனிக் காரணத்துக்காகச் சரியாகவே எழுதியிருப்பார். எல்லாம் சேர்ந்து ஒரே மூளையில், ஒரே இரவில் இறங்குவதுதான் சிக்கல். ஓப்பியாய்டையும் டயாசிபாம் குடும்பத்தையும் சேர்த்துக் கொடுப்பது பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016-லேயே மிகக் கடுமையான எச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் சேர்த்தது. 2019 டிசம்பரில் கபாபென்டின், பிரிகாபலின் பற்றியும் மூச்சு மந்தமாகும் அபாயம் உண்டு என்று எச்சரித்தது. வயதானவர்கள், நுரையீரல் பலம் குறைந்தவர்கள், வேறு மயக்க மருந்து சேர்த்துச் சாப்பிடுபவர்கள் என்று அதில் சொன்ன மூன்று வகையிலும் உங்கள் அப்பா வருகிறார்.

நுரையீரலுக்கு ஒன்றுமில்லையே என்பீர்கள். நுரையீரலுக்கு ஒன்றுமில்லை, அதை இயக்கும் தசைகளுக்குத்தான் குறை. உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு கழுத்தின் 3, 4, 5-ம் வேர்களிலிருந்து கிளம்புகிறது. விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும், இருமுவதற்குத் தேவையான வயிற்றுத் தசைகளும் அதற்குக் கீழே உள்ள நரம்புகளை நம்பியிருக்கின்றன. கழுத்தில் அடிபட்டவர் சும்மா உட்கார்ந்து பேசும்போது ஒரு குறையும் தெரியாது. ஆனால் சளியைத் தள்ளும் இருமலில் பாதி பலம் போயிருக்கும். எச்சிலோ, மாத்திரை விழுங்கிய தண்ணீரோ புரையேறினால் நம்மைப்போல் இருமித் தள்ள அவரால் முடியாது. அதிலும் அரைமயக்கத்தில் இருப்பவரால் சுத்தமாக முடியாது. இருமலை அடக்கும் மருந்தை இவருக்குக் கொடுக்கவேண்டாம் என்பதற்கு இது இரண்டாவது காரணம்.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோயும் (ஸ்லீப் ஆப்னியா) கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவர்களிடம் மற்றவர்களைவிட மிக அதிகம். குறட்டை விடுகிறாரா? குறட்டை நடுவில் நின்று, சற்றுக் கழித்து மூச்சுத் திணறலோடு மறுபடி தொடங்குகிறதா? கைப்பேசியில் பத்து நிமிடம் வீடியோ எடுங்கள், மருத்துவருக்கு ஆயிரம் கேள்விக்குப் பதில் அதில் கிடைக்கும். 2021-ல் தெமாசெக் அறநிறுவனம் வீட்டுக்கு ஒன்று கொடுத்த ஆக்சிமீட்டர் எங்காவது இழுப்பறையில் கிடந்தால், பேட்டரி போட்டு அவர் விரலில் மாட்டிப் பாருங்கள். ஆனால் எண் 96 காட்டுகிறது என்று நிம்மதியாகிவிடாதீர்கள். மூச்சு மந்தமாகும்போது முதலில் கரியமிலவாயு சேரும், ஆக்சிஜன் குறைவது பிறகுதான் தெரியும். காலையில் தலைவலியோடு எழுவதும் பகலெல்லாம் தூங்கிவழிவதும் அதன் அடையாளமாக இருக்கலாம். இப்படி மூச்சு நிற்பவருக்குத் தூக்க மாத்திரை கொடுத்தால், மூச்சு நின்றதும் அவரைத் தட்டி எழுப்பும் உடம்பின் காவலையும் சேர்த்துத் தூங்கவைத்துவிடுவோம்.

காலை பத்து மணி மந்தத்துக்குக் காரணம் எளிது. டயாசிபாமில் பாதி உடம்பை விட்டுப் போகவே 20 முதல் 50 மணி நேரம் ஆகும். அது உடைந்து உருவாகும் இன்னொரு பொருளும் தூக்கம் தருவதுதான், அது 100 மணி நேரம் வரை இழுக்கும். வயதாக ஆக இன்னும் நீளும். நேற்றையது தீராமல் இன்றையதைப் போட்டால் மூன்று வாரத்தில் எவ்வளவு சேர்ந்திருக்கும் பாருங்கள். வயிற்றெரிச்சலுக்கு ஒமெப்ரசோல் சாப்பிடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிட்டால் டயாசிபாம் கழிவது இன்னும் தாமதமாகும்.

பேக்லோஃபெனும் கபாபென்டினும் வேறு வழி, சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகின்றன. ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் நன்றாக இருக்கிறதே என்று பலரும் விட்டுவிடுவார்கள். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. பல மாதமாகத் தசை கரைந்த ஒருவருக்கு, சிறுநீரகம் சுமாராக இருந்தாலும் அந்த எண் அழகாகத்தான் தெரியும். இதை மருத்துவரிடம் ஒரு வரி கேட்டுவையுங்கள். சிஸ்டாட்டின் சி என்று, தசையை நம்பியிராத வேறொரு பரிசோதனை இருக்கிறது.

முட்டி மடங்கியதை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது சின்ன விஷயமில்லை. தண்டுவட நோயாளிகள் பலர் நிற்பது தசை பலத்தால் மட்டும் அல்ல, விறைப்பின் உதவியாலும்தான். கால் விறைத்து நிற்பதால்தான் முட்டி தாங்குகிறது. டயாசிபாமும் பேக்லோஃபெனும் சேர்ந்து அந்த விறைப்பை அளவுக்கு மீறிக் கரைத்துவிட்டால் கால் துணிபோல் மடங்கும். கழுத்தில் ஒருமுறை அறுவைச் சிகிச்சை செய்தவர் மறுபடி விழக் கூடாது. மருந்தைச் சரிசெய்யும்வரை அவர் தனியாக எழுந்து நடக்கவேண்டாம். இரவில் குளியலறைக்கு நிச்சயம் வேண்டாம். இன்னொன்று, மயக்கத்தில் கிடப்பவர் தானாகப் புரண்டு படுக்கமாட்டார். காலையில் புட்டம், குதிகால், வால் எலும்புப் பக்கம் தோல் சிவந்திருக்கிறதா என்று பணிப்பெண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தி எடுத்தும் சிவப்பு மறையாவிட்டால் படுக்கைப்புண் தொடங்குகிறது என்று பொருள்.

சரி, உடனே நிறுத்திவிடலாமா? இருமல் மருந்தை இன்றைக்கே நிறுத்துங்கள். அம்மாவைக் கோபிக்காதீர்கள், பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பழகிய கை அது. அல்பிரசோலத்தைத் தொடவேண்டாம், அது டயாசிபாமின் உடன்பிறப்பு, வேறு புது உதவி எதுவும் அதில் கிடையாது. ஆனால் பேக்லோஃபெனை எக்காரணம் கொண்டும் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் விறைப்பு பல மடங்காகத் திரும்பும், கடும் காய்ச்சல், பிரமை, வலிப்புவரை போகும். மருந்து தீர்ந்துபோய் சீனப் புத்தாண்டு விடுமுறையில் நாலு நாள் இல்லாமல் இருந்துவிட்டோம் என்று வருபவர்கள் உண்டு, தயவுசெய்து அப்படி நேரவிடாதீர்கள். கபாபென்டினும் படிப்படியாகத்தான்.

டயாசிபாம் மூன்று வாரம் ஆகிவிட்டது. உடம்பு பழகத் தொடங்கும் காலம் அதுதான். அதனால் அதையும் நீங்களாக ஒரே நாளில் விடாதீர்கள். மருத்துவர் அளவைப் பாதியாக்கி, ஒன்றிரண்டு வாரத்தில் நிறுத்தச் சொல்லக்கூடும். பல மாதம், பல ஆண்டு சாப்பிட்டவர்களுக்கு இன்னும் மெதுவாக, சில வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதமாகக் குறைப்பார்கள். இதற்கு அடுத்த சந்திப்புவரை காத்திருக்காதீர்கள். நாளைக்கே மறுவாழ்வுப் பிரிவைத் தொலைபேசியில் அழையுங்கள். அதுவரை ஒரு விதி: அவர் தூங்கிவழிந்துகொண்டிருக்கும்போது எந்த மாத்திரையையும் வாயில் போடாதீர்கள், அழைத்துக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். தட்டியும் எழவில்லை, மூச்சு நிமிடத்துக்குப் பத்துக்கும் கீழே, உதடு நீலம் என்றால் கேள்வியே வேண்டாம், 995.

மாமா நல்ல மனதோடுதான் கொண்டுவந்திருப்பார். ஆனால் இந்த வகை மருந்தைச் சிங்கப்பூருக்குள் கொண்டுவரச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதியை முன்கூட்டியே வாங்கவேண்டும். சொந்த உபயோகத்துக்கு என்றாலும் அப்படித்தான். இங்கே மருத்துவர்கள் இந்த மாத்திரைகளை எழுதுவதற்கே 2008-லிருந்து சுகாதார அமைச்சின் கட்டுப்பாடு இருக்கிறது. அதைவிட முக்கியம், சென்னை அட்டை இங்குள்ள உங்கள் மருத்துவப் பதிவில் ஏறாது. அவசரப் பிரிவில் யாருக்கும் தெரியாது. இன்னொரு மருந்தையும் இதோடு சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்த முறை அதைக் கொண்டுவருவார்: தசையைத் தளர்த்தும் டைசானிடின். இந்தியாவில் கழுத்துவலிக்கு வலி மாத்திரையோடு சேர்த்தே எழுதுவார்கள். தண்டுவட நோயாளிகளுக்கு அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் சிப்ரோஃப்ளோக்சசினோடு டைசானிடினைச் சேர்க்கவே கூடாது. ரத்தத்தில் டைசானிடின் பல மடங்கு ஏறி, அழுத்தம் விழுந்து, ஆள் மயங்கிவிடுவார்.

எம்ஆர்ஐ. மயக்கம் கொடுத்து எடுக்க முடியும், ஆனால் வீட்டில் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போகும் மாத்திரையால் அல்ல. டாக்சியில் தலை தொங்கி வருபவரைப் பரிசோதிக்கும் இடத்தில் யாரும் விரும்பமாட்டார்கள். முதலில் பயத்துக்கு மருந்தில்லாத வழிகளைக் கேளுங்கள்: கண்ணை மூடும் துணி, காதில் பாட்டு, உங்களில் ஒருவர் பக்கத்தில் நின்று காலைப் பிடித்துக்கொள்வது (உடம்பில் உலோகம் இல்லை என்று சோதித்துவிட்டு அனுமதிப்பார்கள்), அவசரத்தில் அழுத்தும் பொத்தான். பொத்தான் விஷயத்தில் கவனம், அவர் விரலால் அதை அழுத்த முடியுமா என்று முன்பே பார்க்கச் சொல்லுங்கள். கை வராதவருக்கு அழுத்தமுடியாத பொத்தானைக் கையில் வைப்பது பயத்தைக் கூட்டத்தான் செய்யும்.

அது போதாவிட்டால், மருத்துவக் குழு கண்காணித்தபடி லேசான மயக்கம் கொடுக்கலாம். மிடாசோலம் அதற்கு வழக்கமான மருந்து. மல்லாந்து படுப்பது இவருக்கு மூச்சளவில் சற்று நல்லதுகூட, வயிற்று உறுப்புகள் உதரவிதானத்தை மேலே ஏற்றிக்கொடுப்பதால். ஆனால் மயக்கத்தில் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கலாம், கழுத்துத் தசை தளர்ந்தால் தலை பின்னால் சாய்ந்து தண்டுவடத்தை மறுபடி நெருக்கலாம். ஆகவே கழுத்தை எந்த நிலையில் வைப்பது என்பதை விழித்திருக்கும்போதே, அவருக்கு எது வசதி என்று கேட்டு முடிவுசெய்வார்கள். மிடாசோலத்தை முறிக்க ஃப்ளூமசெனில் என்ற மருந்து உண்டு. அது சீக்கிரம் தீர்ந்துவிடும், மயக்கம் திரும்ப வரலாம். எனவே விழித்துவிட்டார் என்று உடனே அழைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். மாத்திரைகள் எல்லாவற்றின் பெயரும், கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதும் அவர்களுக்குத் தெரியவேண்டும். எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் வரவேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். பேக்லோஃபெனை அன்று விடலாமா என்று கட்டாயம் கேளுங்கள், பட்டினி என்ற பேரில் அதுவும் தவறிவிடும். உள்ளே போகும் முன் சிறுநீரை எடுத்துவிடுங்கள்.

தூக்கத்துக்கு வழி? பை விஷயம் சரியானாலே பாதி தீர்ந்துவிடலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் குடிப்பதைக் குறைத்து, பகலில் கூட்டுங்கள். கடைசிக் குழாயைப் பதினொரு மணிக்குத் தள்ளலாமா, நடுவில் ஒன்று சேர்க்கலாமா என்று தாதியைக் கேளுங்கள். படுக்கும் முன் காலை நீட்டி மடக்கிவிட்டால் இரவு விறைப்பு குறையும். வலியும் விறைப்பும் இரவில் கூடினால் புதிதாக ஒரு மாத்திரை சேர்ப்பதற்குப் பதில், இருக்கிற கபாபென்டினிலோ பேக்லோஃபெனிலோ பகல் அளவைக் குறைத்து இரவுக்கு நகர்த்தலாமா என்று கேளுங்கள். ஒரே மருந்து இரண்டு வேலை பார்க்கும், மொத்தச் சுமையும் ஏறாது. டிரமடால் மலத்தைக் கட்டும், அதுவும் மூன்று மணிப் பதற்றத்துக்குக் காரணமாகலாம், அதையும் பாருங்கள். மூச்சு நிற்கும் நோய் உறுதியானால் முகமூடிக் கருவி உண்டு. தண்டுவடம் கழுத்தில் முழுதாக அறுந்தவர்களுக்கு இரவில் சுரக்கவேண்டிய தூக்க ஹார்மோனான மெலட்டோனினே சுரக்காது, ஏனென்றால் மூளையிலிருந்து அதற்குப் போகும் கட்டளை கழுத்துத் தண்டுவடம் வழியாக இறங்கித்தான் மேலே திரும்புகிறது. உங்கள் அப்பாவுக்கு அது பொருந்துமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். நீங்களாகக் கடையில் வாங்கவேண்டாம்.

அடுத்த சந்திப்புக்குப் போகும்போது பட்டியல் எழுதிக்கொண்டு போகாதீர்கள், பட்டியலில் இருமல் மருந்து வராது. வீட்டிலுள்ள எல்லா மருந்தையும், மாமாவின் அட்டை, தைலம், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுபோய் மருந்தாளர் மேசையில் கொட்டுங்கள். கூடவே பணிப்பெண்ணையும் அழைத்துப் போங்கள். எந்த வேளைக்கு எதைக் கொடுக்கிறார் என்று அவருக்குத்தான் சரியாகத் தெரியும்.